ஆபீஸ் போர்ட்டலும் 'மிகவும் திருப்தி'யும்: ஒரு நீண்ட இழை

"பணியாளர் போர்ட்டல் குறித்த திருப்திக் கருத்தாய்வு. அனைவரும் இன்று மாலை 5 மணிக்குள் 100% பூர்த்தி செய்ய வேண்டும். பூர்த்தி செய்யாதவர்கள் பட்டியல் நாளை ரிவ்யூவில் வாசிக்கப்படும்."

இந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உங்க ஆபீஸ் குரூப்புக்கும் வந்திருக்கும். அரசு ஆபீஸா, தனியார் ஆஸ்பத்திரியா, ஐடி கம்பெனியா, பெரிய வித்தியாசம் இல்லை. நாமளும் நாலு க்ளிக்ல 'மிகவும் திருப்தி' போட்டு முடிச்சிருப்போம்.

நான் சொல்ல வர்றது இதுதான்: இது திருப்தியை அளக்கிற கருவி இல்லை. பயத்தை அளக்கிற கருவி. பயத்தை மட்டும் ரொம்பத் துல்லியமா அளக்குது.

இழை நீளம். ஒரு டீ எடுத்துட்டு உட்காருங்க 🧵

மருத்துவத்துல 'மாஸ்க்டு ஹைபர்டென்ஷன்'னு ஒண்ணு இருக்கு. முகமூடி போட்ட ரத்தக்கொதிப்பு. டாக்டர் முன்னாடி அளந்தா பிபி 140/90க்குக் கீழ, நார்மல். வீட்டுல அளந்தா 135/85ஐத் தாண்டி நிற்கும். கிளினிக் ரீடிங்கை மட்டும் நம்பினா "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு அனுப்பிடுவோம். உள்ளுக்குள்ள இதயமும் கிட்னியும் அடி வாங்கிட்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கணும்னா வீட்டுல அளக்கணும், இல்லைன்னா 24 மணி நேரக் கருவியைக் கையில கட்டி அனுப்பணும்.

ஆபீஸ் திருப்தி சர்வே அந்த கிளினிக் ரீடிங் மாதிரி. மேலதிகாரி பார்க்கும்போது எல்லாருக்கும் நார்மல்தான். ராத்திரி 10 மணிக்கு, சமையல் முடிச்சு, பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு, சுத்திக்கிட்டே இருக்கிற ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கிற நர்ஸை அப்ப அளந்து பாருங்க.

எனக்குத் தெரிஞ்ச இடத்தையே எடுத்துக்கிறேன். தமிழ்நாட்டுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். கர்ப்பிணி பதிவுக்கு பிக்மி. தடுப்பூசிக்கு யூ-வின். காசநோய்க்கு நிக்‌ஷய். தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஐஹெச்ஐபி. மாசாந்திர மொத்தக் கணக்குக்கு ஹெச்எம்ஐஎஸ். சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்குத் தனியா ஒண்ணு. ஊழியரோட லீவு, சம்பளச் சீட்டுக்கு களஞ்சியம். இது போக, "அவசரம், கூகுள் ஷீட்ல போடுங்க"ன்னு அப்பப்ப வர்றது கணக்கே இல்லை.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கு, மறுக்கலை. காசநோயாளிக்கு ஊட்டச்சத்துப் பணம் நேரா பேங்க் கணக்குக்குப் போகுதுன்னா அதுக்கு நிக்‌ஷய் பதிவு வேணும். 2018ல மாசம் 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்ல இருந்து 1,000. முன்னாடி ஒரு லீவு லெட்டருக்காக பஸ் ஏறி மாவட்ட அலுவலகம் போய், கிளார்க் சீட்டுல இல்லைன்னு திரும்பி வந்த காலமும் ஒண்ணும் பொற்காலம் இல்லை. கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லைங்க.

ஆனா இத்தனை வாசல் இருக்கிற வீட்டுல, எந்த வாசல் ஒழுங்காத் திறக்குது, எது நெத்தியில இடிக்குதுன்னு உள்ள போறவங்களைத்தானே கேட்கணும்? கேட்கிறாங்க. எப்படிக் கேட்கிறாங்கன்றதுதான் பிரச்சனை.

முதல்ல, சர்வே எங்க இருக்கு? பெரும்பாலும் அதே போர்ட்டலுக்குள்ள. ஊழியர் எண் போட்டு, ஓடிபி வாங்கி, உள்ள போனாத்தான் 'உங்கள் கருத்து' பட்டன் வரும். அதாவது லாகின் ஆகாதவங்க, ஓடிபி வராதவங்க, பாதியில வெளிய தள்ளப்பட்டவங்க யாரும் இந்தக் கணக்குல இல்லை. ஆத்தைக் கடந்து அக்கரைக்கு வந்தவங்களை மட்டும் நிறுத்தி வெச்சு "தண்ணி ஆழமா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? முங்கினவன் வந்து சொல்லுவானா?

ரெண்டாவது, பேர். "உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்"னு மேல ஒரு வரி. அதுக்குக் கீழேயே ஊழியர் எண், பதவி, பணியிடம், வயசு. ஒரு பிளாக்குல 6 பேர் அந்தப் பதவியில இருந்தா, 50 வயசுக்கு மேல ஒருத்தர்தான் இருந்தா, அந்த 'அதிருப்தி' யாருதுன்னு கண்டுபிடிக்க துப்பறியும் நிபுணர் வேணுமா? டிரான்ஸ்ஃபர் கவுன்சலிங் வர்ற மாசத்துல யார் தைரியமா அதிருப்தி போடுவாங்க?

நானே வாங்கிய ஒரு படிவம் சொல்றேன் (எந்த ஆபீஸ்னு கேட்காதீங்க). பதில் சொல்ல நாலு கட்டம்: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, பரவாயில்லை. அவ்வளவுதான். 'மோசம்'னு ஒரு கட்டமே கிடையாது. தெர்மாமீட்டர்ல 99 டிகிரிக்கு மேல கோடு போடாம விட்டுட்டா ஊர்ல யாருக்கும் காய்ச்சலே வராதே, அந்த டெக்னிக்.

அதே படிவத்துல இன்னொரு கேள்வி: "போர்ட்டல் எளிமையாகவும் வேகமாகவும் உள்ளதா?" எளிமைதான், ஆனா மாட்டு வண்டி வேகம்னா என்ன டிக் பண்றது? ஒரு கேள்வியில ரெண்டு கேள்வியை நுழைக்காதீங்கன்றது கேள்வித்தாள் தயாரிக்கிறவங்களுக்கு முதல் நாள் பாடம். "நெஞ்சு வலியும் வயித்து வலியும் இருக்கா?"ன்னு நான் நோயாளிகிட்ட கேட்டு, அவர் "ஆமா"ன்னு சொன்னா நான் ஈசிஜி எடுக்கவா, ஆன்டாசிட் கொடுக்கவா?

சரி, இப்படி வாங்கின நம்பரை எல்லாம் கூட்டிச் சராசரி போடுறாங்க. அங்கதான் பெரிய கூத்து.

ஒரு போர்ட்டலுக்கு ரெண்டு வகை ஆள் உண்டு. போடுறவங்க, பார்க்கிறவங்க. கிராம சுகாதார செவிலியர் போடுறவங்க. மாவட்டத்துல, சென்னையில டாஷ்போர்டு திறந்து பச்சை, மஞ்சள், சிவப்பு கட்டத்தைப் பார்க்கிறவங்க பார்க்கிறவங்க. பார்க்கிறவங்களுக்கு போர்ட்டல் ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்காது? ஒரு க்ளிக்ல மாவட்டமே தெரியுது. தினம் மூணு மணி நேரம் போடுறவரோட 2 மார்க்கையும், வாரத்துக்குப் பத்து நிமிஷம் பார்க்கிறவரோட 5 மார்க்கையும் கூட்டி ரெண்டால வகுத்தா மூன்றரை. "ஓரளவு திருப்தி." யாரோட திருப்தி அது? அப்படி ஒரு ஆளே அங்க கிடையாது.

"சரி டாக்டர், குறை சொல்றது ஈஸி, ஒழுங்கா அளக்க வழி இருக்கா?"ன்னு கேட்பீங்க. இருக்கு. நாப்பது வருஷமா இருக்கு. அதுவும் இலவசமா.

1986ல ஜான் ப்ரூக்னு ஒருத்தர், இங்கிலாந்துல டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில வேலை பார்த்தப்போ, பத்தே வாக்கியத்துல ஒரு அளவுகோல் செஞ்சார். 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்', சுருக்கமா சஸ். ஒரு வாக்கியம் பாராட்டுற மாதிரி, அடுத்தது குறை சொல்ற மாதிரி, மாத்தி மாத்தி வரும். அதனால கண்ணை மூடிட்டு எல்லாத்துக்கும் 5 போட்டா மார்க் ஏறாது, சரியா 50ல நிக்கும். மொத்தம் 0 முதல் 100. பல நூறு சிஸ்டங்களை அளந்து பார்த்ததுல சராசரி சுமார் 68னு தெரியும். அதுக்குக் கீழன்னா வேலை இருக்குன்னு அர்த்தம்.

இதை வெச்சு டாக்டர்களையே அளந்திருக்காங்க. அமெரிக்காவுல 870 மருத்துவர்கள்கிட்ட, அவங்க தினம் பயன்படுத்துற மின்னணு மருத்துவப் பதிவு சிஸ்டத்தைப் பத்தி இதே பத்துக் கேள்வி. மேயோ கிளினிக் புரொசீடிங்ஸ் இதழ்ல 2019 கடைசியில இணையத்துல வந்துச்சு. மார்க் 45.9. கிரேடு எஃப், ஃபெயில். ஒப்பிட்டுப் பார்க்க அவங்களே கொடுத்த மத்த மார்க்: கூகுள் தேடல் 93, மைக்ரோவேவ் அடுப்பு 87, ஏடிஎம் 82, எக்செல் 57. உயிர் காக்கிற வேலைக்குக் கொடுத்த கருவி, சாப்பாடு சூடு பண்ற பெட்டியில பாதி மார்க்குக்குப் பக்கத்துல நிக்குது.

அந்த ஆய்வுல இன்னொண்ணு. அந்த மார்க் ஒவ்வொண்ணு கூடக் கூட, மருத்துவர் மனசு உடைஞ்சு எரிஞ்சுபோற வாய்ப்பு, அதான் பர்ன்அவுட், சுமார் 3% குறைவா இருந்துச்சு. இது தொடர்பு மட்டும்தான், காரணம்னு நிரூபிச்சதா நான் சொல்லலை. ஆனா "சாஃப்ட்வேர் கொஞ்சம் ஸ்லோ, அதுக்கு என்ன இப்ப"ன்னு தோளைக் குலுக்கிட்டுப் போற விஷயம் இல்லைன்னு புரியுதா?

ஒரு எச்சரிக்கை. சஸ்ஸையும் இங்கிலீஷ்ல அப்படியே கொடுத்துடாதீங்க. கூகுள் மொழிபெயர்ப்புல தட்டியும் கொடுக்காதீங்க. மனச்சோர்வுக் கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது எப்படிப் பண்றோம்? ஒருத்தர் தமிழ்ல எழுதி, அதைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷ்ல எழுதி, ரெண்டும் பொருந்துதான்னு பார்த்து, கொஞ்சப் பேர்கிட்ட வாசிக்கக் கொடுத்து, அப்புறம்தான் பயன்படுத்துறோம். இங்கயும் அதேதான்.

அடுத்து, எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வாதம்: "இத்தனை லட்சம் என்ட்ரி ஆகியிருக்கு, தினமும் இத்தனை ஆயிரம் பேர் லாகின் ஆகுறாங்க, ஊழியர்கள் விரும்பிப் பயன்படுத்துறாங்க."

விரும்பியா? என்ட்ரி போடலைன்னா மெமோ. அட்டெண்டன்ஸ் போடலைன்னா சம்பளம் பிடித்தம். ஜெயில்ல மூணு வேளையும் எல்லாரும் சாப்பிடுறாங்க, அதனால சமையல் பிரமாதம்னு சொல்ற மாதிரி இருக்கு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. தகவல் அமைப்புகள் எந்த அளவு வெற்றின்னு அளக்க 1992லயே டிலோன், மெக்லீன்னு ரெண்டு பேர் ஒரு மாதிரி கொடுத்தாங்க. அதுல 'பயன்பாடு' தனி, 'பயனர் திருப்தி' தனி. கட்டாயமாப் பயன்படுத்தியே ஆகணும்ன்ற இடத்துல பயன்பாட்டு எண்ணிக்கை திருப்தியைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. அது சொல்றதெல்லாம் கட்டாயம் நல்லா வேலை செய்யுதுன்னுதான்.

ஊழியர் சொல்றதைக் காதுல போட்டுக்காம, சிஸ்டம் சொல்றதை மட்டும் நம்பினா எங்க போய் முடியும்? இதுக்கு இங்கிலாந்து தபால் துறை ஒரு பயங்கரமான உதாரணம்.

அங்க 1999ல இருந்து கிளைத் தபால் நிலையங்களுக்கு 'ஹொரைசன்'னு ஒரு கணக்கு சிஸ்டம், ஃபுஜிட்சு கொடுத்தது. கணக்குல பணம் குறையுதுன்னு சிஸ்டம் காட்டுச்சு. "நாங்க எடுக்கலை, சிஸ்டத்துலதான் ஏதோ தப்பு"ன்னு கிளையை நடத்தினவங்க உதவி எண்ணுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சனை"ன்னு பலருக்கும் பதில் வந்துச்சு. 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல தண்டிக்கப்பட்டாங்க. சிலர் ஜெயிலுக்குப் போனாங்க, சிலர் வீட்டை வித்தாங்க. தப்பு சிஸ்டத்துலதான்னு 2019ல லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. தண்டனைகளை மொத்தமா ரத்து பண்ண 2024ல தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்துச்சு.

ஹொரைசனுக்கும் நம்ம ஊர் லீவு போர்ட்டலுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம், தெரியும். ஆனா "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சனை"ன்ற அந்த வாக்கியம் கேட்ட மாதிரி இல்லையா? ஹெல்ப்டெஸ்க்குக்கு வர்ற ஒவ்வொரு ஃபோன் காலும் ஒரு அளவீடு. அதை எண்ணி, வகை பிரிச்சு வெச்சாலே பாதி சர்வே தேவையில்லை. நாம என்ன பண்றோம்? "டிக்கெட் க்ளோஸ்டு"ன்னு ஒரு மெயில். பிரச்சனை அப்படியே இருக்கும், டிக்கெட் மட்டும் மூடியிருக்கும்.

"ஊழியர்களுக்கு டெக்னாலஜி வராது, மாற்றத்தை எதிர்க்கிறாங்க"ன்னு ஒரு பாட்டு உண்டு. அதே சிஸ்டர்தான் ஜிபே-ல காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்புறாங்க, பையனோட காலேஜ் ஃபீஸை ஆன்லைன்ல கட்டுறாங்க, யூடியூப் பார்த்து ப்ளவுஸ் தைக்கிறாங்க. அங்கெல்லாம் வந்த டெக்னாலஜி இங்க மட்டும் ஏன் வரலை? அந்த ஆப்களைச் செஞ்சவங்களுக்கு, பிடிக்கலைன்னா ஆள் அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடுவாங்கன்ற பயம் இருக்கு. ஆபீஸ் போர்ட்டல் செஞ்சவங்களுக்கு அந்தப் பயமே இல்லை.

உடனே மருந்து என்ன எழுதுவாங்க? டிரெய்னிங். எல்லா வியாதிக்கும் பி காம்ப்ளக்ஸ் எழுதுற மாதிரி. ஒரு நாள் முழுக்க ஹால்ல உட்கார வெச்சு பிபிடி ஓட்டுவாங்க. அன்னைக்கு விட்டுப்போன என்ட்ரியை ராத்திரி வீட்டுல போடணும்.

இதுல பொதுஜனத்துக்கு என்ன? சொல்றேன்.

அமெரிக்காவுல 57 மருத்துவர்களைப் பக்கத்துல நின்னு நேரம் குறிச்சுப் பார்த்தாங்க. அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்ல 2016ல வந்த ஆய்வு. நோயாளி முகத்தைப் பார்த்து செலவழிச்ச நேரம் 27%. கம்ப்யூட்டர், மேஜை வேலைக்கு 49%. அது போக ராத்திரி வீட்டுல இன்னும் ஒண்ணு, ரெண்டு மணி நேரம்னு மருத்துவர்களே டைரியில குறிச்சிருந்தாங்க. அந்த 27%, 49% ரெண்டும் கேட்காம, நேராப் பார்த்து அளந்ததால கிடைச்ச உண்மை.

நம்ம ஊருக்கு வாங்க. கர்ப்பிணிப் பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருக்கு. கால் வீங்கியிருக்கா, முகம் வெளுத்திருக்கா, ராத்திரி தலைவலி வருதான்னு பார்க்க வேண்டிய கண்ணு, ஓடிபி வந்துடுச்சான்னு ஃபோனைப் பார்த்துட்டிருக்கு. ஓடிபி போன நம்பர் வேலைக்குப் போயிருக்கிற வீட்டுக்காரரோடது. அவர் எடுக்க மாட்டேங்கிறார். வெளிய வரிசை நீளுது. கடைசியில கால் வீக்கம் பார்க்கப்பட்டதா? ஸ்கிரீன்ல அந்தக் கட்டத்துல 'இல்லை' இருக்கும். பார்த்துட்டுப் போட்ட 'இல்லை'யா, பார்க்காமப் போட்ட 'இல்லை'யான்னு டாஷ்போர்டுக்குத் தெரியாது.

அளக்கணும்னு நிஜமா ஆசை இருந்தா, அளக்க வேண்டியது எல்லாமே ஏற்கனவே கையில இருக்கு.

சர்வரோட லாக் எடுங்க. என்ட்ரி எந்த மணிக்கு விழுதுன்னு பாருங்க. ராத்திரி 9லிருந்து 12க்குள்ள எவ்வளவு? ஞாயித்துக்கிழமை எவ்வளவு? எத்தனை லாகின் தோத்துச்சு, எத்தனை படிவம் பாதியில நின்னுச்சு? இதுக்கு ஒரு சிஸ்டரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், யாரும் பொய் சொல்லவும் முடியாது. முன்னாடி சொன்ன 24 மணி நேர பிபி கருவி இதுதான். (ஆனா ராத்திரி என்ட்ரி போட்டது யாருன்னு தேடிப் பிடிச்சு மெமோ கொடுக்கக் கிளம்பிடாதீங்க சார். எண்ணிக்கை மட்டும் போதும்.)

ஸ்டாப்வாட்ச் எடுத்துட்டு ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போங்க. ஒரே ஒரு வேலை: புது கர்ப்பிணி ஒருத்தரைப் பதிவு பண்றது. எத்தனை நிமிஷம், எத்தனை ஸ்கிரீன், ஒரே செல் நம்பரை எத்தனை தடவை எத்தனை போர்ட்டல்ல அடிக்கிறாங்க? போர்ட்டல் செஞ்ச கம்பெனிக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. ஏசி ரூம் வைஃபை வேண்டாம், அந்த ஊர் சிக்னல்லயே பார்க்கட்டும். வாய் திறக்காம பக்கத்துல உட்காரணும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் மேஜை மேல பாருங்க. ஒரு நோட்டு இருக்கும். நீள சைஸ், அட்டை கிழிஞ்சது, செய்தித்தாள்ல அட்டை போட்டது. போர்ட்டல்ல இருக்கிற எல்லாமே அதுல கையால எழுதியிருக்கும். ஏன்னா போர்ட்டல்ல போட்டது நாளைக்கு இருக்கும்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்லை. அந்த நோட்டு இருக்கிற வரைக்கும் உங்க திருப்தி மார்க் என்னவா இருந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்துல பாஸ்வேர்ட் எல்லாம் வரிசையா எழுதியிருக்கும், அது தனிக் கதை.

யார் தட்டச்சு பண்றாங்கன்னும் கேளுங்க. பல வீட்டுல காலேஜ் படிக்கிற பொண்ணு, இல்லைன்னா வீட்டுக்காரர். சம்பளம் இல்லாத டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள். நோயாளியோட ரகசியத் தகவல் வீட்டு ஹால்ல டிவி சத்தத்துக்கு நடுவுல ஏறிட்டு இருக்கு. எந்த சர்வேயிலயும் இதுக்குக் கட்டம் கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகு கருத்துக் கேளுங்க, கட்டாயம் கேளுங்க. ஆனா போர்ட்டலை நடத்துறவங்க கேட்கக் கூடாது. அவங்க பரீட்சையை அவங்களே திருத்தக் கூடாது. மருத்துவக் கல்லூரியோட சமூக மருத்துவத் துறை பண்ணலாம், வெளி ஆள் பண்ணலாம். காகிதத்துல, பேர் இல்லாம, ஊர் இல்லாம. 100% வேண்டாம், எழுதணும்னு நினைக்கிறவங்க எழுதட்டும். எழுதாதவங்க எத்தனை பேர்னும் சேர்த்தே வெளியிடுங்க.

கேட்ட பிறகு ஒண்ணே ஒண்ணையாவது மாத்துங்க. மாத்தினதை அவங்ககிட்டயே சொல்லுங்க. "நீங்க சொன்னீங்க, செல் நம்பர் இனிமே ஒரு தடவை போட்டா போதும்." இந்த ஒரு மெசேஜ் அந்த குரூப்ல வந்தா, அடுத்த தடவை அவங்க உண்மையைச் சொல்லுவாங்க. வருஷா வருஷம் கேட்டுட்டு ஒண்ணுமே பண்ணாம இருந்தா, கேட்காமலே இருந்திருக்கலாம்.

தனியார்ல வேலை பார்க்கிறவங்களுக்கு: இது சர்க்கார் ஆஸ்பத்திரி கதைன்னு நினைச்சுக் கடந்து போகாதீங்க. பயணப்படி பில்லை மூணு தடவை அப்லோட் பண்ணவங்க இங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். உங்க ஆபீஸ் போர்ட்டல்ல ஒரு நாள் லீவு போட எத்தனை க்ளிக், எத்தனை நிமிஷம் ஆகுது? நாளைக்கு எண்ணிப் பார்த்துட்டு கீழ வந்து நம்பரை மட்டும் போடுங்க. கம்பெனி பேர் போடாதீங்க, வேலை முக்கியம்.